பழைய பிரிட்ஜின் ஹீற்றர் எரிந்துவிட்டால்: கண்டியில் மாற்றுத் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

கண்டியின் பழைய வீடுகளிலும், நகரைச் சூழ்ந்த தோட்டங்களின் துரை பங்களாக்களிலும் ஒரு காலத்தில் சத்தமே போடாத ஒரு வகைப் பிரிட்ஜ் இருந்தது. அதில் மோட்டார் இல்லை, கொம்பிரசரும் இல்லை. பின்பக்கம் தடித்த கறுப்புக் குழாய்கள், அடியில் மண்ணெண்ணெய்த் தாங்கி அல்லது எரிவாயு அடுப்பு, கூடவே ஒரு மின்வயர். சில வீடுகளில் அது இன்னும் ஓடுகிறது. பல வீடுகளில் ஹீற்றர் எரிந்த நாளிலிருந்து அரிசிப் பெட்டியாகவோ அலுமாரியாகவோ நிற்கிறது.

திருத்தக் கேட்டால், "இதற்கெல்லாம் இப்போது சாமான் இல்லை" என்பார்கள். அது பாதிதான் உண்மை. பிரிட்ஜைச் செய்த கொம்பனியின் பெயர் பொறித்த ஹீற்றர் கிடைப்பது அரிது. ஆனால் வோல்ற், வாற், விட்டம், நீளம் ஆகிய நான்கு அளவும் ஒத்துப்போனால் வேறு கொம்பனியின் ஹீற்றரும் அதே வேலையைச் செய்யும். அதைத் தேடிப் புறப்படுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். பழுது ஹீற்றரில்தானா? திருத்தி ஓட்டினால் கட்டுபடியாகுமா?

குளிர வைக்கும் பெட்டிக்குச் சூடு எதற்கு?

1922 இல் ஸ்டொக்ஹோம் அரச தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பால்ட்சார் வொன் பிளாற்றன், கார்ல் முன்ரர்ஸ் என்ற இரு மாணவர்கள் இந்த முறையைக் கண்டுபிடித்தார்கள். 1925 இல் எலெக்ரோலக்ஸ் கொம்பனி அதை வாங்கியது. அமெரிக்காவில் சேர்வெல் என்ற பெயரில் இதே வகை விற்பனையானது.

குழாய்களுக்குள் அமோனியா, நீர், ஐதரசன் என்ற மூன்றும் அடைக்கப்பட்டிருக்கும். அடியிலுள்ள கொதிகுழாயைச் சூடாக்கினால் நீரில் கரைந்திருக்கும் அமோனியா ஆவியாகி மேலே போகும். மேலுள்ள குழாயில் ஆறித் திரவமாகும். பெட்டிக்குள் வரும்போது ஐதரசனுடன் கலந்து மீண்டும் ஆவியாகும். அப்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை அது எடுத்துக்கொள்கிறது. பிறகு நீரில் கரைந்து பழைய இடத்துக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்று நிற்காமல் நடக்க வேண்டியது அடியில் ஒரு சூடு மட்டும்தான். அது விளக்குத் திரியின் சூடாகவும் இருக்கலாம், எரிவாயுச் சுவாலையாகவும் இருக்கலாம், மின் ஹீற்றராகவும் இருக்கலாம்.

கொம்பிரசர் உள்ள சாதாரண பிரிட்ஜ் சிலவற்றிலும் ஹீற்றர் உண்டு. அது பனிக்கட்டியை உருக்குவதற்கானது. அது எரிந்தால் உள்ளே பனி கட்டும், குளிர் காலப்போக்கில் குறையும். ஆனால் பிரிட்ஜ் உடனே நின்றுவிடாது. இக்கட்டுரை கொம்பிரசர் இல்லாத பிரிட்ஜ்களைப் பற்றியது.

தோட்டத்திலும் வடக்கிலும்

1950 இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகும் பல தோட்டங்களுக்கு மின்கம்பி போய்ச்சேர நீண்ட காலம் எடுத்தது. அதுவரை பங்களாவின் இறைச்சியும் பாலும் மண்ணெண்ணெய்ச் சுவாலையில்தான் குளிர்ந்தன. லயன் அறைகளில் இருந்தவர்களுக்குப் பிரிட்ஜ் எட்டாத பொருள். ஆனால் திரி வெட்டி, புகைக்கூண்டைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி அதை ஓட வைத்தவர்கள் பெரும்பாலும் அந்த லயன்களிலிருந்து பங்களா வேலைக்குப் போனவர்களே. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, பழையதை எறியாமல் திருத்தும் பழக்கம் நாடெங்கும் வேரூன்றியது.

பிறகு வந்த ஆண்டுகளில் தமிழ்க் குடும்பங்கள் பல, வீட்டுப் பொருட்களை ஒருமுறைக்கு மேல் இழந்தன. 1983 ஜூலையில் கண்டியிலும் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. 1990 இல் போர் மீண்டும் மூண்டதும் யாழ் குடாநாடு தேசிய மின்வலையை இழந்தது. மண்ணெண்ணெயும் பொருளாதாரத் தடைக்குள் வந்தது. மின்சாரம் இல்லை, எரிபொருளும் அளவோடுதான் என்ற அந்த ஆண்டுகளில், குளிரில் வைக்கவேண்டிய மருந்து ஒன்றைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை அதில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மின்சாரம் இல்லாத நாடுகளில் தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்கப் பல பத்தாண்டுகள் பயன்பட்டதும் இந்த வகைப் பிரிட்ஜ்தான். எலெக்ரோலக்ஸ் செய்த "ஆர்.சி.டபிள்யூ. 42 ஈ.கே." அவற்றில் பெயர்போனது. பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் மின்சாரத்திலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் என்பதைக் குறிக்கின்றன. வெப்பநிலையைச் சீராக வைத்திருப்பது கடினம் என்பதால், பின்னாளில் தடுப்பூசி வேலைக்குச் சூரிய மின்சாரப் பிரிட்ஜ்கள் அதன் இடத்தைப் பிடித்தன.

முதலில், பழுது ஹீற்றரில்தானா?

ஹீற்றரை வாங்கிய பிறகு குழாய்த்தொகுதியே செத்துவிட்டது என்று தெரிந்தால் காசு வீண். எனவே இந்த ஒழுங்கில் பாருங்கள்.

1. மட்டம். இந்தப் பிரிட்ஜுக்குள் எதையும் தள்ளிவிட மோட்டார் இல்லை. திரவம் தன் பாரத்தில்தான் ஓடுகிறது. சரிந்து நின்றால் குளிராது. மலைச்சரிவில் கட்டிய வீடுகளில் தரை மட்டமில்லாதிருப்பதே சில வேளை முழுக் காரணமாகவும் இருக்கும். நீர்மட்டம் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள்.

2. மஞ்சள் தூள். குழாய்களில் மஞ்சள் அல்லது மஞ்சட்பச்சை நிறத் தூளோ கறையோ இருந்தால், அல்லது அமோனியா நெடி வந்தால், குழாய் கசிந்துவிட்டது. அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஹீற்றர் மாற்றிப் பயனில்லை.

3. சுவாலையில் ஓட்டிப் பார்த்தல். எரிவாயுவிலோ மண்ணெண்ணெயிலோ ஓடக்கூடியதாக இருந்தால், காற்றோட்டமான இடத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். குளிர்வதற்கு அரை நாள்வரை எடுக்கலாம், பொறுமை வேண்டும். சுவாலையில் குளிர்ந்து மின்சாரத்தில் குளிராவிட்டால் குழாய்த்தொகுதி நல்ல நிலையில் இருக்கிறது. குற்றம் ஹீற்றரிலோ, தேர்மோஸ்ற்றற்றிலோ, வயரிலோதான்.

4. மல்ரிமீற்றர். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹீற்றரின் இரண்டு வயர்களையும் தனியே பிரித்து ஓம் அளவைப் பாருங்கள். எந்த அளவும் காட்டாவிட்டால் உள்ளே இழை அறுந்துவிட்டது. சரியான ஓம் காட்டினால் தேர்மோஸ்ற்றற்றைச் சந்தேகியுங்கள்.

5. ட்ரிப் சுவிட்ச் விழுந்தால். ஓம் சரியாக இருந்தும் பிளக் போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா? ஹீற்றருக்குள் நிரப்பியிருக்கும் வெண்தூள் ஈரத்தை உறிஞ்சியிருக்கலாம். பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற பிரிட்ஜில், அதுவும் கண்டியின் ஈரக்காற்றில், இது அடிக்கடி நடப்பது. ஹீற்றரைக் கழற்றி, 120 பாகை அளவுச் சூட்டில் சில மணிநேரம் உலர்த்தி, மின்வேலையாள் ஒருவரிடம் மெகர் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள். புது ஹீற்றர் தேவைப்படாமலே போகலாம்.

கொதிகுழாய் சூடாக இருந்தும் பின்புறத்தின் கீழ்ச்சுருள் இளஞ்சூடாகவேனும் ஆகாவிட்டால், உள்ளே ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது. பிரிட்ஜைத் தலைகீழாகச் சில மணிநேரம் வைத்து, மீண்டும் நிமிர்த்தி ஒரு நாள் விட்டு ஓட்டிப் பார்ப்பது பழைய கைவைத்தியம். சில வேளை பலிக்கும். பலிக்காவிட்டால் அதற்குமேல் வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

நான்கு அளவுகள்

வோல்ற்: இலங்கை மின்சாரம் 230 வோல்ற். பழைய ஹீற்றரில் 220, 230, 240 என்று எது பொறித்திருந்தாலும் 230 இல் ஓடும். 220 வோல்ற், 125 வாற் என்று பொறித்த ஹீற்றர் 230 இல் ஏறத்தாழ 137 வாற் எடுக்கும். அது பெரிய கேடில்லை.

வாற்: கதவின் உட்புறத்திலோ பின்புறத்திலோ உள்ள தகட்டில் இருக்கும். வீட்டுப் பிரிட்ஜ்களில் பெரும்பாலும் 60 இலிருந்து 250 வரை. தகடு அழிந்திருந்து, ஹீற்றரில் இழை அறாமல் இருந்தால் ஓம் அளவிலிருந்து கண்டுபிடிக்கலாம். 230 ஐ 230 ஆல் பெருக்க வருவது 52,900. அதை ஓமால் வகுத்தால் வாற் கிடைக்கும். 230 வோல்ற் ஹீற்றர்களுக்குப் பொதுவான அளவுகள் இவை:

70 வாற் – சுமார் 756 ஓம்
95 வாற் – சுமார் 557 ஓம்
125 வாற் – சுமார் 423 ஓம்
150 வாற் – சுமார் 353 ஓம்
200 வாற் – சுமார் 265 ஓம்

கூடிய வாற் போட்டால் கூடக் குளிரும் என்பது தவறான எண்ணம். அளவுக்கு மீறிய சூட்டில் அமோனியாவோடு நீரும் ஆவியாகி மேலே போய்ச் சுற்றைக் கெடுக்கும். காலப்போக்கில் குழாயின் உட்புறமும் பழுதாகும். சரியான வாற் கிடைக்காவிட்டால் சற்றுக் குறைந்ததை எடுங்கள்.

விட்டமும் நீளமும்: ஹீற்றர் கொதிகுழாயோடு ஒட்டியுள்ள ஓர் உலோக உறைக்குள் செருகப்பட்டிருக்கும். பழையதை வெளியே எடுத்து, வேர்ணியர் இடுக்கியால் விட்டத்தை மில்லிமீற்றரில் அளவுங்கள். உறையின் உள்விட்டத்தையும் ஆழத்தையும் தனியே அளவுங்கள். வயரின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒளிப்படம் ஒன்றும் எடுத்து வையுங்கள். இந்த அளவுகளோடு போனால் கடைக்காரர் "இல்லை" என்று சொல்லும் முன் ஒருமுறை தேடுவார்.

மண்ணெண்ணெயில் மட்டும் ஓடும் பிரிட்ஜ்களில் இந்த உறையே இருக்காது. அவற்றை மின்சாரத்துக்கு மாற்ற முயலவேண்டாம். அவற்றுக்குத் தேடவேண்டியது திரியும் புகைக்கூண்டும்.

எங்கே தேடுவது?

செத்த பிரிட்ஜ்கள். இதுதான் முதல் இடம். குழாய் கசிந்து ஒதுக்கப்பட்ட பிரிட்ஜில் ஹீற்றர் நன்றாக இருக்கக்கூடும். தோட்டக் களஞ்சியங்களிலும் பழைய இரும்புக் கடைகளிலும் அதே வடிவப் பிரிட்ஜ் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். அதிலிருந்து எடுத்தது உங்கள் உறைக்குள் சரியாகப் போகும். வாங்குமுன் ஓமும் மெகரும் பார்க்க வேண்டும்.

விடுதிகளின் சிறு பிரிட்ஜ்கள். கண்டி சுற்றுலா நகரம். தங்கும் அறையில் சத்தம் கூடாது என்பதால் விடுதி அறைகளில் வைக்கும் சிறு பிரிட்ஜ்களில் பல இந்த வகையே. பின்னால் கொம்பிரசர் இல்லாவிட்டால் உள்ளே ஹீற்றர் இருக்கக்கூடும். விடுதிகள் அறைகளைப் புதுப்பிக்கும்போது இவை பழைய பொருள் வியாபாரிகளிடம் வரும். இவற்றின் ஹீற்றர்கள் பெரும்பாலும் 60, 70 வாற் அளவானவை. பெரிய பிரிட்ஜுக்குப் போதாது, சிறியதற்குப் பொருந்தலாம்.

அளவு கொடுத்துச் செய்விப்பது. பொதியிடும் இயந்திரங்களில் உறையை ஒட்டும் தாடைக்குள்ளும், பிளாஸ்ரிக் அச்சுகளிலும் குழல் வடிவ ஹீற்றர் இருக்கும். தொழிலில் இதைக் கார்ட்ரிட்ஜ் ஹீற்றர் என்பார்கள். வோல்ற், வாற், விட்டம், நீளம் கொடுத்துச் செய்விக்கக்கூடிய பொருள் இது. கண்டியில் மோட்டார் சுற்றும் பட்டறைகளில் கேட்டால் வருவித்துத் தருபவரைக் காட்டுவார்கள். கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் மின்பொருள் கடைகள் நிறைந்த இடம். இயந்திரத்துக்கென்று தயாராக இருப்பதை அப்படியே வாங்கவேண்டாம். அவற்றின் வாற் பெரும்பாலும் உங்களுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு கூட இருக்கும்.

வெளிநாட்டு உறவுகள். ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் சுற்றுலா வண்டிகள் பலவற்றில் இந்த வகைப் பிரிட்ஜ் உண்டு. எலெக்ரோலக்சின் அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்த டொமெற்றிக் கொம்பனி இவற்றுக்குப் பெயர்போனது. எனவே அந்நாடுகளில் இதற்கான ஹீற்றர் உதிரிப்பாகக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, அவுஸ்திரேலியா நாடுகளில் உள்ள உறவினர் அனுப்பலாம், அங்கும் 230 வோல்ற்தான். கனடாவில் இருப்பவர் கடையில் கேட்டு வாங்கினால் வருவது 120 வோல்ற் ஹீற்றர். 120 வோல்ற், 125 வாற் ஹீற்றரை நமது மின்சாரத்தில் கொடுத்தால் அது 450 வாற்றுக்குமேல் இழுக்கும். ஹீற்றர் எரியும், தீப்பற்றவும் கூடும். சுற்றுலா வண்டிக்கென 12 வோல்ற் ஹீற்றரும் தனியே விற்கிறார்கள். அதுவும் பொருந்தாது. அனுப்பச் சொல்லும்போதே "230 வோல்ற்" என்று எழுதி அனுப்புங்கள்.

தேநீர்க் கேத்தல், மின்னழுத்தி, வெந்நீர் ஹீற்றர் ஆகியவற்றின் இழையை வெட்டிப் பொருத்துவதாகச் சொல்பவரிடம் பிரிட்ஜைக் கொடுக்காதீர்கள்.

பொருத்தும்போது

புது ஹீற்றர் உறைக்குள் இறுக்கமாகப் போகவேண்டும். ஆட்டமாக இருந்தால் சூடு குழாய்க்குப் போகாமல் ஹீற்றருக்குள்ளேயே தேங்கி அது விரைவில் எரிந்துவிடும். சிறு இடைவெளி இருந்தால் மெல்லிய உலோகத் தகட்டைச் சுற்றி நிரப்பலாம். கொதிகுழாயைச் சுற்றியுள்ள பஞ்சுப் பொதியைத் திரும்ப முழுமையாகப் பொத்திவிடுங்கள். அது குறைந்தால் குளிரும் குறையும். பழைய ரப்பர் வயரை மாற்றி, சூடு தாங்கும் வயர் போட்டு, புவித்தொடுப்புக் கம்பியைப் பிரிட்ஜின் உடலோடு இணையுங்கள். அந்தக் காலத்து இரண்டு முனைப் பிளக்கோடு ஓட்டவேண்டாம்.

மிகப் பழைய பிரிட்ஜ்களின் பஞ்சுப் பொதியில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். உலர்ந்தபடி பிய்க்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் அணிந்து எடுங்கள்.

செய்யக்கூடாதவை

குழாயை வெட்டவோ, துளைக்கவோ, ஒட்டுப்போடவோ கூடாது. உள்ளே இருப்பது 20 வளிமண்டல அளவிலான அமுக்கம். அமோனியா கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும். ஐதரசன் தீப்பற்றும். குழாய் துருப்பிடிக்காமலிருக்கச் சேர்த்திருக்கும் சோடியம் குரோமேற்றுதான் அந்த மஞ்சள் தூள். அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, கையால் தொடாதீர்கள். நெடி வந்தால் யன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுங்கள்.

சுவாலையில் ஓட்டுவதாயின் மூடிய அறை கூடாது. அமெரிக்காவில் 1933 முதல் 1957 வரை செய்யப்பட்ட சேர்வெல் எரிவாயுப் பிரிட்ஜ்களைப் பயன்படுத்தவேண்டாம் என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு எச்சரித்தது. காரணம், அவற்றிலிருந்து வந்த கார்பன் மொனொக்சைட்டால் நேர்ந்த மரணங்கள்.

இன்னொன்று, வெளியிலிருந்து மட்டும் திறக்கக்கூடிய கொளுவிப் பூட்டு உள்ள கதவு. உள்ளே போய் ஒளியும் பிள்ளையால் அதைத் திறக்க முடியாது. பாவிக்காத பிரிட்ஜின் கதவைக் கழற்றி வையுங்கள்.

மின்கட்டணக் கணக்கு

125 வாற் ஹீற்றர் இடைவிடாமல் ஓடினால் நாளொன்றுக்கு 3 அலகு, மாதத்துக்கு 90 அலகு. நமது வீட்டு மின்கட்டணம் படிப்படியாக உயர்வது. குறைந்த அலகு எரிக்கும் வீட்டை இந்த ஒரு பிரிட்ஜே மேல்படிக்கு ஏற்றிவிடும். தேர்மோஸ்ற்றற் சரியாக வேலைசெய்தால் இது குறையும். என்றாலும் இன்றைய சிறிய கொம்பிரசர் பிரிட்ஜ் இதில் ஒரு பங்கைத்தான் எடுக்கும்.

ஆகவே நாளாந்தப் பாவனைக்கென்றால் திருத்துவது கட்டுபடியாகாது. குடும்பத்தின் பழைய பொருள் என்பதற்காகவோ, மின்வெட்டுக் காலத்துக்கு எரிவாயுவில் ஓடும் ஒன்று கையில் இருக்கட்டும் என்பதற்காகவோ திருத்தினால் அதற்கு அர்த்தமுண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றபோது, சுவாலையில் ஓடும் பிரிட்ஜ் பொழுதுபோக்குப் பொருளாக இருக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வன்னிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோக நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்த வகைப் பிரிட்ஜ் வெளிச்சூடு கூடக்கூடத் தடுமாறும். கண்டியிலோ நுவரெலியாவிலோ நன்றாகக் குளிர்ந்தது, கிளிநொச்சியின் சித்திரை வெயிலில் அதே அளவு குளிராது. சுவரிலிருந்து தள்ளி, காற்றுப் போகும் நிழலான இடத்தில் வைக்க வேண்டும்.

இன்சுலின் வைப்பவர்களுக்கு

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். உறைந்த இன்சுலினைப் பாவிக்கக்கூடாது, உருகிய பிறகும் கூடாது. பழைய பிரிட்ஜில் பனித்தட்டுக்கு அருகே உறையும், கதவுப் பக்கம் சூடாகும். ஒரு வெப்பமானியைத் தண்ணீர்க் குவளைக்குள் நடுத்தட்டில் வைத்து, இரண்டு மூன்று நாட்கள் காலையும் மாலையும் பார்த்துக் குறித்த பிறகே மருந்தை வையுங்கள். பாவனையில் உள்ள குப்பியைப் பெரும்பாலும் நான்கு வாரம்வரை அறை வெப்பநிலையில் வைக்கலாம். உங்கள் மருந்துக்குரிய காலத்தையும் பாகையையும் அதன் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் நின்று, பிரிட்ஜும் இல்லையென்றால் மண்பானை முறை இருக்கிறது. பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பி, மருந்தை நனையாத பையில் இட்டு உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடிக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். அது பிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் வெளிச்சூட்டைவிடச் சில பாகை குறைவாக வைத்திருக்கும். ஹீற்றர் வந்து சேரும்வரை பாவனையிலுள்ள குப்பியைக் காக்க அது உதவும். திறக்காத குப்பிகளை அயலில் நல்ல பிரிட்ஜ் உள்ள வீட்டிலோ அருகிலுள்ள மருந்தகத்திலோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.